குரல் உயராத சிரிப்பு

சனிக்கிழமை நள்ளிரவு நெருங்குகிறது. தீவை ஒட்டிய பாறையில் ஒரு கப்பல் ஏறி நிற்கிறது; உள்ளே ஐம்பதாயிரம் பெட்டி விஸ்கி. தீவிலோ போர்க்காலத் தட்டுப்பாட்டில் ஒரு சொட்டும் இல்லை. ஆண்கள் படகுகளை நோக்கி ஓடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து மணி பன்னிரண்டு அடிக்கிறது. ஞாயிறு பிறந்துவிட்டது. ஓய்வுநாளில் துடுப்பைத் தொடக் கூடாது. யாரும் யாரையும் தடுக்கவில்லை, யாரும் வாதாடவுமில்லை. அப்படியே நின்றுவிடுகிறார்கள். மறுநாள் பகல் முழுக்க நல்ல உடை உடுத்திக்கொண்டு, எந்த நேரமும் மூழ்கிவிடக்கூடிய கப்பலைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள்.

'விஸ்கி கலோர்' (1949) படத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். திருடுவது அவர்களுக்குப் பாவமாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருடுவதுதான் பாவம். ஒரு விதியை மீறப் போகிறவர்கள் இன்னொரு விதிக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் அந்தச் சிரிப்பில் ஏளனம் இல்லை.

*

கதை நடந்ததுதான். 1941 பிப்ரவரியில் 'எஸ்.எஸ். பொலிட்டீஷியன்' என்ற சரக்குக் கப்பல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் எரிஸ்கே தீவருகே தரைதட்டியது. அதில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட விஸ்கி பாட்டில்கள் இருந்தன. தீவுக்காரர்கள் தங்களால் ஆனதைக் கரைசேர்த்தார்கள். சுங்க அதிகாரிகள் விடவில்லை; சிலர் சிறைக்குப் போனார்கள். பக்கத்துத் தீவான பாராவில் வசித்த காம்ப்டன் மெக்கன்சி இதை 1947இல் நாவலாக்கினார். அடுத்த ஆண்டுக் கோடையில் அதே பாரா தீவில் படப்பிடிப்பு நடந்தது. இயக்குநர் அலெக்சாண்டர் மெக்கென்ட்ரிக்குக்கு அது முதல் படம்.

பாராவும் எரிஸ்கேயும் பெரும்பாலும் கத்தோலிக்கத் தீவுகள். ஞாயிறன்று துடுப்பைத் தொடாத கண்டிப்பு வேறு தீவுகளின் புராட்டஸ்டண்ட் வழக்கம். நாவலில் இரண்டு தீவுகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை. படம் அவற்றை ஒன்றாக்கி, கண்டிப்பான சபையை வைத்துக்கொண்டது. நகைச்சுவைக்குத் தேவைப்பட்டது விஸ்கி மட்டுமல்ல, அந்தத் தடையும்தான்.

சிறைக்குப் போனவர்கள் படத்தில் இல்லை.

*

'விஸ்கி கலோர்' போன்ற படங்கள் வெளிவந்த காலத்தின் கணக்கு: 1945இல் பிரிட்டன் போரில் வென்றது. போர் நடந்த ஆண்டுகளில்கூட ரேஷனில் வராத ரொட்டி, வென்ற மறு ஆண்டு ரேஷனுக்கு வந்தது. 1948 வரை அங்கேயே இருந்தது. துணிக்கான கூப்பன் 1949 மார்ச்சில் ஒழிந்தது. மிட்டாய்க்கு 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இறைச்சிக்கு 1954 ஜூலை.

வென்றவர்கள் ஒன்பது ஆண்டுகள் வரிசையில் நின்றார்கள். எதிரியைத் திட்டலாம், வரிசையைத் திட்ட முடியாது. நாமே ஒப்புக்கொண்ட வரிசை அது. திட்ட முடியாததற்குத்தான் இந்தச் சிரிப்பு தேவைப்பட்டிருக்க வேண்டும்.

*

'பாஸ்போர்ட் டு பிம்லிகோ' (1949) தொடங்கும்போதே ஒரு மாலை வளையம் தெரிகிறது. துணிக் கூப்பனுக்கும் ரேஷன் புத்தகத்துக்கும் அஞ்சலி. படம் திரைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான் துணிக் கட்டுப்பாடு நீங்கியிருந்தது.

லண்டனின் பிம்லிகோவில் வெடிக்காமல் கிடந்த குண்டு ஒன்று வெடிக்கிறது. பள்ளத்துக்குள் புதையல் கிடைக்கிறது. கூடவே பதினைந்தாம் நூற்றாண்டு அரசன் நான்காம் எட்வர்டின் சாசனமும் கிடைக்கிறது. அதன்படி அந்தத் தெரு இங்கிலாந்தைச் சேர்ந்ததே அல்ல, பர்கண்டி பிரபுவுக்குச் சொந்தம். விஷயம் புரிந்த இரவில் மதுக்கடையில் ரேஷன் புத்தகங்களைக் கிழித்தெறிகிறார்கள். மூடும் நேரம் என்று ஒன்று கிடையாது. பாட்டு, கூச்சல், கொண்டாட்டம்.

மறுநாள் காலை, கட்டுப்பாடு இல்லாத அந்தத் தெருவுக்குள் லண்டனின் கள்ளச்சந்தைக்காரர்கள் அத்தனை பேரும் வந்து குவிகிறார்கள். பர்கண்டியர்கள் திகைக்கிறார்கள். தங்களுக்கென்று ஒரு குழு, ஒரு சட்டம், எல்லையில் ஒரு சோதனைச் சாவடி. விடுதலையின் இரண்டாம் நாள் அவர்கள் செய்வது விதி எழுதுவதுதான். திரைக்கதை எழுதிய டி.இ.பி. கிளார்க் போர்க்காலத்தில் துணைக் காவலராக இருந்தவர். கட்டுப்பாட்டின் அலுப்பும் அது இல்லாதபோது வரும் கலக்கமும் அவருக்கு ஒருசேரத் தெரியும்.

அரசாங்கம் தண்ணீரை நிறுத்துகிறது, முள்வேலி போடுகிறது. லண்டன் மக்கள் வேலிக்கு மேலே உணவுப் பொட்டலங்களை வீசுகிறார்கள். கடைசியில் சமரசம். புது ரேஷன் புத்தகம் கைக்கு வருகிறது. மனிதர்கள் அதைப் பரிசுபோல வாங்கிக்கொள்கிறார்கள். படம் முழுக்க எரித்த வெயில் அந்த நிமிடமே முடிந்து மழை கொட்டுகிறது. எல்லாரும் நனைந்துகொண்டே மகிழ்கிறார்கள்.

இதைப் பணிவு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருநாள் கிழித்துப் பார்த்தவர் திரும்ப வாங்கும் புத்தகமும், கிழிக்கவே துணியாதவர் கையில் இருக்கும் புத்தகமும் ஒன்றல்ல.

*

லண்டனின் மேற்கே ஈலிங் என்ற புறநகரில், பசும்புல் திடலை ஒட்டிய சிறு ஸ்டூடியோ. 1938 முதல் அதை நடத்தியவர் மைக்கேல் பால்கன். இயக்குநர்களும் எழுத்தாளர்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்வார்கள். மற்றவர்கள் குறை சொல்வார்கள். 1949ஆம் ஆண்டில் மட்டும் 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ', 'விஸ்கி கலோர்', 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' மூன்றும் அங்கிருந்து வந்தன. அங்கே எடுக்கப்பட்டவற்றில் நகைச்சுவைப் படங்கள் சிறுபான்மைதான். ஆனாலும் இன்று ஈலிங் என்றால் நினைவுக்கு வருவது அவையே.

*

'ஹ்யூ அண்ட் க்ரை' (1947). குண்டு விழுந்து இடிந்த லண்டனில் சிறுவர்கள் திருடர்களைத் துரத்துகிறார்கள். இடிபாடுகள் செட் அல்ல, உண்மையானவை. இடிந்த சுவர்களுக்கு நடுவே ஒரு பொடியன் தனியாக உட்கார்ந்து, விமானம் பறந்து வருவதையும் குண்டு விழுவதையும் வாயாலேயே ஒலித்துக் காட்டிக்கொண்டிருக்கிறான். விளையாட்டு. படம் அவனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கடந்து போகிறது.

போரைப் பற்றிப் பேசாமலிருப்பதும் ஒரு மரியாதையாக இருந்திருக்கலாம்.

*

ஈலிங்குக்கு வெளியே ஒரு குறிப்பு. 'தி பெல்ஸ் ஆஃப் செயின்ட் ட்ரினியன்ஸ்' (1954) படத்தில் தலைமை ஆசிரியை மிஸ் ஃபிரிட்டனாக வருபவர் அலஸ்டர் சிம் என்ற ஆண். பள்ளிச் சிறுமிகள் சூதாடுவார்கள், சாராயம் காய்ச்சுவார்கள், புது ஆசிரியையை நடுங்க வைப்பார்கள். தலைமை ஆசிரியை இதையெல்லாம் மென்மையாகப் புன்னகைத்து ஏற்றுக்கொள்வார்.

இந்தச் சிறுமிகளைக் கேலிச் சித்திரங்களாக முதலில் வரைந்தவர் ரொனால்ட் சேர்ல். சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, சாங்கி முகாமிலும் சயாம்-பர்மா ரயில் பாதையிலும் கிடந்தவர். அங்கே கண்டதை ஒளித்து ஒளித்து வரைந்தார். காலராவில் சாகும் கைதிகளின் படுக்கைக்கு அடியில் அந்தக் காகிதங்களை மறைத்து வைத்தார். காவலர்கள் நெருங்க அஞ்சும் ஒரே இடம் அதுதான். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே பாதை அது. அவர்களைப் பற்றிய கணக்குகூட யாரும் சரியாக வைத்திருக்கவில்லை.

அங்கிருந்து உயிரோடு மீண்ட கை குறும்புக்காரச் சிறுமிகளைத் தொடர்ந்து வரைந்தது. பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சித்திரங்களில் சிறுமிகளின் கொடுமைக்குக் காரணமே இருக்காது. அது பள்ளியின் அன்றாட வேலைபோல நடக்கும். இதற்குமேல் விளக்கம் தேட வேண்டாம் என்று நினைக்கிறேன். இரண்டு விஷயங்களையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்தால் போதும்.

*

மரியாதைக்குக் கூர்முனை உண்டு என்பதைக் காட்டியவர் ராபர்ட் ஹேமர். 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' படத்தில் லூயி மஸினியின் தாய் பிரபுக் குடும்பத்துப் பெண். இத்தாலியப் பாடகனை மணந்ததால் விலக்கப்பட்டவள். இறந்த பிறகு குடும்பக் கல்லறையில் ஓர் இடம் கேட்கிறான் மகன். மறுக்கிறார்கள். தனக்கும் பிரபுப் பட்டத்துக்கும் நடுவே நிற்கும் உறவினர்களை அவன் ஒவ்வொருவராக அகற்றத் தொடங்குகிறான்.

லூயியாக வரும் டென்னிஸ் பிரைஸின் குரல் கதையைச் சொல்லிக்கொண்டே போகிறது. அந்தக் குரலில் கோபமோ அவசரமோ எட்டிப் பார்ப்பதில்லை. உறவினன் ஒருவன் வெடித்துச் சாகும்போது தூரத்தில் வேலிக்குப் பின்னால் புகை எழுகிறது. முன்னால் தேநீர் அருந்திக்கொண்டிருக்கும் அவன் அந்த வீட்டுப் பெண்மணியிடம் பேச்சை விடாமல் தொடர்கிறான். கொலையைவிட அந்தப் பேச்சு நாகரிகம்தான் நம்மை உலுக்குகிறது. கல்லறையில் இடம் மறுத்தவர்களும் இதே நாகரிகத்தோடுதானே மறுத்தார்கள்? அவர்களிடம் கற்றதை அவர்களுக்கே திருப்பித் தருகிறான்.

சாகும் எட்டுப் பேராகவும் நடித்தவர் அலெக் கின்னஸ். பாதிரி, தளபதி, வங்கி முதலாளி, பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடும் சீமாட்டி எல்லாம் அவரே. தேவாலயக் காட்சி ஒன்றில் ஆறு கின்னஸ்கள் ஒரே சட்டகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம் கேமராவை அசையாமல் பூட்டி, லென்ஸின் முன்னே ஒவ்வொரு பகுதியாகத் திறந்து மூடி, அதே படச்சுருளை மீண்டும் மீண்டும் பின்னோட்டிப் பதிவு செய்தார். யாரும் கேமராவை இடித்துவிடக் கூடாதென்று இரவு அதன் பக்கத்திலேயே படுத்தாராம். ஒரே முகம் ஆறு இருக்கைகளில். அந்த வர்க்கத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

முடிவில் லூயி தான் செய்யாத கொலைக்காகத் தூக்குமேடை வரை போய், விடுதலையாகி வெளியே வருகிறான். வாசலில் நிற்கும்போதுதான் நினைவு வருகிறது: எல்லாக் கொலைகளையும் ஒப்புக்கொண்டு எழுதிய நினைவுக் குறிப்பைச் சிறை அறையிலேயே விட்டுவிட்டான். படம் அங்கே நின்றுவிடுகிறது. அமெரிக்கத் தணிக்கைக்கு அது போதவில்லை. குற்றவாளி பிடிபட்டே ஆக வேண்டும் என்று, குறிப்பு அதிகாரிகளின் கைக்குப் போவதைக் காட்டும் சில நொடிகளை அங்கே ஒட்டினார்கள். ஹேமரோ தீர்ப்பைப் பார்வையாளரிடம் விட்டிருந்தார். நாம் அவன் தப்பிக்க வேண்டும் என்று விரும்புகிறோமா? அந்தக் கேள்வியை நம்மிடம் கேட்கும்போதும் படம் குரலை உயர்த்துவதில்லை.

*

'தி மேன் இன் த ஒயிட் சூட்' (1951). அழுக்குப் படியாத, கிழியாத நூலிழையைக் கண்டுபிடிக்கிறான் ஓர் இளைஞன். மறுபடி கின்னஸ், மறுபடி மெக்கென்ட்ரிக். அவன் கண்ணாடிக் குழாய்களில் திரவம் கொதிக்கும் சத்தம் ஒரு சிறு இசையாகவே ஒலிக்கிறது. குமிழ்களின் ஒலியோடு டியூபா, பாசூன் வாத்தியங்களைக் கலந்து அதை உருவாக்கியவர் ஒலித்தொகுப்பாளர் மேரி ஹாபர்ஃபீல்ட்.

துணி ஒருபோதும் கிழியாவிட்டால் ஆலை எதற்கு? முதலாளிகள் அவனைப் பூட்டி வைக்கிறார்கள். தொழிலாளர்களும் பூட்டி வைக்கிறார்கள். என்றும் எதிரெதிரே நின்ற இரண்டு பேரும் ஒருவனைத் துரத்துவதற்காகக் கைகோக்கிறார்கள். இருட்டுத் தெருவில் அவனுடைய வெள்ளை உடை மட்டும் ஒளிர்கிறது, ஒளிய இடமில்லை. வழியில் துணி துவைத்துப் பிழைக்கும் கிழவியிடம் உதவி கேட்கிறான். துவைக்க அழுக்கே இல்லாமல் போனால் தன் பிழைப்பு என்னாவது என்று அவள் கேட்கிறாள். அவனிடம் பதில் இல்லை. எனக்கும் அகப்படவில்லை.

துரத்தியவர்கள் பிடித்து இழுக்கும்போது உடை பஞ்சாகப் பிய்ந்து வருகிறது. நூலிழை நிலைக்கவில்லை. கூட்டம் நிம்மதியாகச் சிரிக்கிறது. ஈலிங் சிரிப்பு எப்போதும் எல்லாரையும் உள்ளே அழைத்துக்கொள்ளும். இங்கே அது ஒருவனை வெளியே நிறுத்தி, அரை உடையில் நடுத்தெருவில் வைத்துச் சிரிக்கிறது. ஒரு சமூகம் ஒற்றுமையாக இருப்பது எவ்வளவு அழகு என்று மற்றப் படங்களில் பார்த்துவிட்டு இதற்கு வந்தால், அதே ஒற்றுமையின் பின்பக்கம் தெரிகிறது.

*

'தி லாவெண்டர் ஹில் மாப்' (1951), சார்லஸ் கிரைட்டன் இயக்கியது. இருபது ஆண்டுகளாகத் தங்கக் கட்டிகளுக்குக் காவலாக வண்டியில் போய்வரும் வங்கிக் குமாஸ்தா ஹாலண்ட். கற்பனையே இல்லாத நேர்மையாளன் என்று மேலதிகாரிகள் நினைக்கிறார்கள். அந்த நல்ல பெயரைத்தான் அவன் இருபது ஆண்டுகளாகச் சேமித்து வந்திருக்கிறான். தங்கத்தை உருக்கி, ஈஃபிள் கோபுரப் பொம்மைகளாக வார்த்து, பாரிசுக்கு அனுப்பும் திட்டம். கதை எழுதும்போது கிளார்க், உங்களிடமிருந்து தங்கத்தை எப்படித் திருடலாம் என்று இங்கிலாந்து வங்கியிடமே கேட்டார். அவர்களும் அக்கறையாக யோசனை சொன்னார்கள். திரைக்கதைக்கு ஆஸ்கார் கிடைத்தது.

தவறுதலாக விற்கப்பட்ட பொம்மைகளைத் தேடி, ஈஃபிள் கோபுரத்தின் சுழல் படிக்கட்டில் இரண்டு நடுவயதுக்காரர்கள் இறங்கி ஓடுகிறார்கள். ஓட ஓடத் தலைசுற்றி, திட்டம் மறந்து, காரணமில்லாமல் சிரிக்கத் தொடங்குகிறார்கள். மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று நமக்குத் தெரியும். அந்தச் சில நிமிடங்களில் அவர்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் கலப்பில்லாத மகிழ்ச்சி என்று நான் நம்புவது அதை மட்டும்தான்.

*

'தி லேடிகில்லர்ஸ்' (1955). கதை முழுவதும் தன் கனவில் வந்ததாக எழுத்தாளர் வில்லியம் ரோஸ் சொன்னார். லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் சுரங்கத்தின் மேலே சாய்ந்து நிற்கும் வீடு. அதில் கிளிகளோடு தனியே வாழும் மிஸஸ் வில்பர்ஃபோர்ஸ். இசைக்குழு என்று சொல்லிக்கொண்டு ஐந்து கொள்ளையர்கள் மாடி அறைக்குக் குடிவருகிறார்கள். உள்ளே பொக்கெரினியின் இசைத்தட்டு சுழன்றுகொண்டிருக்கும். கொள்ளைக்கான திட்டம் நடந்துகொண்டிருக்கும். நடுநடுவே கதவு தட்டப்படும்: தேநீர் வேண்டுமா?

கொள்ளை வெற்றி. விஷயம் கிழவிக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த நேரம் அவளுடைய தோழிகள் தேநீருக்கு வந்து சேர்கிறார்கள். கொலைகாரர்கள் கோப்பை ஏந்திப் பரிமாறுகிறார்கள், அவர்களுக்கு நடுவே நின்று பாடுகிறார்கள். அவளைக் கொல்ல வேண்டியதுதான் என்று பிறகு சீட்டுப் போடுகிறார்கள். யாருக்கும் மனம் வரவில்லை. அவளைக் கொல்வதைவிட ஒருவரையொருவர் கொல்வது எளிதாக இருக்கிறது. உடல்கள் ஒவ்வொன்றாகக் கீழே போகும் சரக்கு ரயிலில் விழுகின்றன. அவள் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

அவளிடம் ஆயுதம் இல்லை, தந்திரமும் இல்லை. எதிரே நிற்பவர் கண்ணியமானவர் என்று எடுத்துக்கொண்டு நடக்கிறாள். அப்படி நடத்தப்பட்டவர்களால் கொஞ்ச நேரத்துக்காவது அப்படி இல்லாமலிருக்க முடியவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் போதுமானதாகிவிடுகிறது. அந்த வேடத்தில் நடித்த கேட்டி ஜான்சனுக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. வாழ்நாளெல்லாம் சிறு வேடங்களில் வந்துபோனவர். சிறந்த பிரிட்டிஷ் நடிகைக்கான விருதை அந்தப் படம் தந்தது. இரண்டு ஆண்டுகளில் இறந்துபோனார்.

படம் வந்த 1955இல்தான் ஈலிங் ஸ்டூடியோ பிபிசிக்கு விற்கப்பட்டது. இதையும் இயக்கிய மெக்கென்ட்ரிக் அமெரிக்கா போனார்.

*

பிரிட்டனையும் அதன் மக்களின் குணத்தையும் காட்டும் படங்கள் இங்கே எடுக்கப்பட்டன என்று ஸ்டூடியோவில் ஒரு பலகை பதித்துவிட்டுப் போனார் பால்கன். எந்த மக்கள்?

பிம்லிகோ படத்தை எடுத்த இடம் பிம்லிகோ அல்ல. ஆற்றுக்கு அக்கரையில் லாம்பெத்தில், குண்டு விழுந்த ஒரு திடல். காலம் 1948 கோடை. அதே கோடையில் ஜூன் 22ஆம் தேதி 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்களை டில்பரியில் இறக்கியது. தங்க இடமில்லாதவர்களைக் கிளாப்பமில் தரைக்கடியில் இருந்த பழைய குண்டுப் பாதுகாப்பு அறைகளில் வைத்தார்கள். அங்கிருந்து பலர் லாம்பெத்தின் பிரிக்ஸ்டனில் குடியேறினார்கள். அவர்களும் பிரிட்டிஷ் பிரஜைகள்தான். ஒரு தெரு மக்கள் திடீரென்று அந்நியர் ஆனால் என்ன ஆகும் என்று கேமராவின் முன்னே விளையாடிக்கொண்டிருந்தபோது, கொஞ்ச தூரத்தில் அந்தக் கேள்வி விளையாட்டாக இல்லாமல் வந்து இறங்கியிருந்தது. பர்கண்டியர்களுக்கு வேலிக்கு மேலே ரொட்டி பறந்து வந்தது. விண்ட்ரஷ் மக்களுக்கு வாடகை அறைக் கதவுகள் மூடின. பல இடங்களில் மிகவும் நாகரிகமாக.

ஈலிங் இதைப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். 'பூல் ஆஃப் லண்டன்' (1951) படத்தில் பெர்முடாவில் பிறந்த ஏர்ல் கேமரூன் முக்கிய வேடத்தில், நிற வேறுபாட்டின் வலியோடு வருகிறார். ஆனால் அது நகைச்சுவைப் படம் அல்ல. அதன் கதைக்காக யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கிளார்க்குக்குத் தங்கக் கொள்ளை எண்ணம் வந்து, அதை விட்டுவிட்டு இதற்குத் தாவினார். நமக்கு 'லாவெண்டர் ஹில் மாப்' கிடைத்தது. நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

*

மரியாதை கொள்ளையரை வெல்லும், மரியாதையாகவே கொல்லவும் முடியும். இரண்டையும் ஒரே ஸ்டூடியோ எடுத்தது. அந்தப் படங்களை இன்னமும் பார்க்க முடிவதற்குக் காரணம் அவற்றின் கதகதப்பு என்று சொல்லி வந்தேன். இப்போது அந்த இரட்டைத்தன்மை என்றே தோன்றுகிறது.

'லேடிகில்லர்ஸ்' முடிவில் மிஸஸ் வில்பர்ஃபோர்ஸ் காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததையெல்லாம் சொல்கிறாள். பணம் தன் வீட்டில் இருக்கிறது என்கிறாள். கண்காணிப்பாளர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று அனுப்பி வைக்கிறார். அவருடைய கனிவில் குறையில்லை. ஆனால் அவள் சொன்ன ஒரு சொல்லையும் அவர் நம்பவில்லை. கொள்ளையர்களாவது அவளை நம்பினார்கள், அதனால் அஞ்சினார்கள். சட்டத்தின் மரியாதை அவளை ஆளாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கண்காணிப்பாளராக வருபவர் ஜாக் வார்னர். அடுத்த முறை பார்க்கும்போது கிழவியை விட்டுவிட்டு அவர் முகத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: கேட்பது போல இருப்பதற்கு எவ்வளவு பழக்கம் தேவைப்பட்டிருக்கிறது என்று.